ரத்தம் உறைகிற அரை மணி நேரம்

ஊரில் மற்றவர்கள் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பது “சாப்பிட்டேன்” என்ற பதிலுக்காக. அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, “இல்லை” என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கி நிற்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்கள்தான்.

நான் வேலை பார்க்கும் லேப் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறது. புளியங்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு கிளம்பி வருகிறவர்கள், நாங்கள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர். முதலாளியை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவரும் படித்த டெக்னீஷியன்தான். கூட்டம் அதிகமானால் அவரே ஊசியைக் கையில் எடுப்பார். முன்மேஜை, போன், ரிப்போர்ட் டைப் அடிப்பது எல்லாம் செல்வி அக்கா. ரத்தம் எடுப்பதும் மெஷினில் ஓட்டுவதும் பெரும்பாலும் நான், கோமதி.

அப்பாவும் அம்மாவும் தறியில் வேலை பார்க்கிறவர்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் நாற்காலியை விட்டு எழுந்தால் வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. கவுண்டரில் உட்கார்ந்து மூத்திரத்தை அடக்குகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மத்தியானச் சோற்றை மறக்கிறவர்கள், “இந்த ஒண்ண மட்டும் முடிச்சிருதேன்” என்று சொல்லிச் சொல்லியே பொழுதைச் சாய்க்கிறவர்கள், நீங்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இவற்றை எழுதுகிறேன்.

யார் வயிறு?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், புளியங்குடி எலுமிச்சை மண்டியில் எடை போடுகிற ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். “சாப்பிட்டீங்களா?” என்றேன். “இல்லம்மா, டீ மட்டுந்தான்” என்றார். டீயும் சாப்பாட்டுக் கணக்குதான் என்றேன். “சீனி போடாத டீம்மா.” பாலிலும் சர்க்கரை இருக்கிறது என்றேன். “அந்தக் கடையில பால் பேருக்குத்தாம்மா இருக்கும், நீ கண்டுக்கிடாத” என்றார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் முதல் ஆளாக வந்து, வாயில் தண்ணீர்கூடப் படவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்து கையை நீட்டினார்.

ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். ஊசி ஏறுகிற அந்த நேரத்தில் நாங்களும் பேச மாட்டோம், வந்தவர்களும் பேச மாட்டார்கள். மின்விசிறி சுற்றுவது மட்டும்தான் கேட்கும். அந்த அமைதியில், ஷட்டரை யாரோ பாதி இழுத்து விட்டது போல ஒரு சத்தம். என் வயிறுதான். அம்மா கட்டிக் கொடுத்த இட்லி பையில் இருந்தது. மத்தியானம் வரைக்கும் அது பையில்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நான் எதுவுமே கேட்காதது போல ட்யூபில் ரத்தம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு எழுந்த அவர், என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எம்மா, டெஸ்ட் எனக்கா, ஒனக்கா?”

ஒரு கையால் சோறு, ஒரு கையால் டைப்

செல்வி அக்காவுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்து, வலது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இடது கையின் ஒரு விரலால் டைப் அடிப்பார். போன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொள்வார். அப்போது மூன்று வேலை நடக்கும். இதில் ஒரு வேலை கெட்டாலும் மற்ற இரண்டும் நடக்குமே என்பது அவருடைய வாதம். நானும் அதைத் திறமை என்றுதான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வீட்டில் போய், “ஒரு அக்கா இருக்காங்க, சாப்பிடுத நேரத்தக்கூட வீணாக்க மாட்டாங்க” என்று பெருமையாகச் சொன்னேன்.

ராயகிரியிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தது. பெண் சிறுநீர் மாதிரியைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பேர் எழுதிக் கொடுத்தது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தது எல்லாம் புருஷன்காரன்தான். செல்வி அக்கா புளிக்குழம்புச் சோற்றுக்கும் போனுக்கும் நடுவில், பெண்ணின் பேர் வரவேண்டிய இடத்தில் அவன் பேரை அடித்து, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அவன் அதை வாங்கி மேலிருந்து கீழே படித்தான். மறுபடியும் படித்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டு புது ரிப்போர்ட் அடிப்பதற்குள், அவன் அந்தப் பழையதை மேஜை மேல் வைத்து, தன் பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்: “பாசிட்டிவ்னு இருக்கு, சந்தோசம். லீவு நான் போடணுமாக்கா, அவ போடணுமா?”

பாட்டில் மூடி

எங்கள் லேபில் ஒரே ஒரு பாத்ரூம். அது சிறுநீர் மாதிரி கொடுக்க வருகிறவர்களுக்கானது. காலையில் அதன் கதவுக்கு முன்னால் எப்போதும் யாராவது கையில் டப்பாவோடு நிற்பார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே போவது எப்படி? அதற்கு நானும் செல்வி அக்காவும் சேர்ந்து கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால்தானே போக வேண்டும்? இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் பாத்ரூம் என்று ஆகியிருந்தேன்.

சிவகிரியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். அவருக்குச் சிறுநீர் வரவே இல்லை. “அவசரப்படாதீங்க டீச்சர். தண்ணி குடிங்க, அப்படியே கொஞ்சம் நடங்க, தன்னால வரும்” என்று சொல்லி, பெஞ்சில் உட்காரவைத்தேன். அவர் குடித்தார், நடந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் குடித்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஹாலைப் பார்க்கிற பார்வையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேலை முடிந்து, டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கை கழுவினார். கிளம்பியவர் திரும்பி என் மேஜைக்கு வந்து, அங்கே இருந்த என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிரம்பியபடியே இருந்தது. “வந்ததுலருந்து பாக்கேன், வாரவுக எல்லாத்தையும் தண்ணி குடி தண்ணி குடின்னு சொல்லுத. ஒன் பாட்டில் மூடியத் தொறக்க யாரும்மா வரணும்?”

எந்த கோமதி?

எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் பெஞ்சில் இரண்டு பேராவது எழுந்து நிற்பார்கள். அம்மன் பேர் என்பதால் வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு. அதனால் ட்யூபில் வெறும் பேரை எழுதக் கூடாது, அப்பா பேரோ ஊரோ சேர்த்து எழுத வேண்டும் என்பது லேபின் சட்டம். அந்தச் சட்டத்தை ஒரு நாள் நானே மீறினேன். நான்கைந்து நாளாக எனக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தது. ராத்திரி குளிர் அடித்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அம்மாவிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு டப்பாவில் என் மாதிரியை எடுத்து, ‘கோமதி’ என்று மட்டும் எழுதி மற்றவற்றோடு வைத்துவிட்டேன். பிறகு வரிசையாக ரத்தம் எடுப்பதில் அதை மறந்தும் போனேன்.

அன்றைக்குச் சிறுநீர்ப் பரிசோதனைகளைச் செல்வி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். டைப் வேலை இல்லாதபோது மைக்ராஸ்கோப்பும் அவர் பார்ப்பார். திடீரென்று அவர் குரல் உயர்ந்தது. “இதைப் பாரேன். கண்ணு வைக்கிற பக்கமெல்லாம் சீழ் அணு. இந்தப் புள்ள எத்தன நாளா அடக்கி வச்சிருக்கோ! வீட்டுல கேக்க ஆளில்லையா? எந்த கோமதி இது, ஊரக் காணமே?” கையில் இருந்த ட்யூபை ஸ்டாண்டில் வைத்தேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “ஏட்டி, படிச்ச கழுத, கிளம்பு டாக்டர்ட்ட.”

சீட்டில் எழுத முடியாதது

அடுத்த தெருவில்தான் டாக்டரம்மா. அவர் எங்கள் லேபுக்கு நிறையப் பேரை அனுப்புகிறவர். என்னை நோயாளி நாற்காலியில் பார்த்ததும், ரிப்போர்ட் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். ரிப்போர்ட்தான், ஆனால் என்னுடையது. படித்துவிட்டு, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, முன்பு வந்திருக்கிறதா என்று கேட்டார். படிக்கிற காலத்தில் ஒரு தடவை வந்தது என்றேன். ஹாஸ்டலிலும் இதே பழக்கமா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாத்திரையில் சரியாகும், ஆனால் இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்ப வரும், ஒரு தடவை கிட்னி வரைக்கும் ஏறிவிட்டால் அப்புறம் விளையாட்டு இல்லை என்றார். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், தோன்றியவுடனே எழுந்து போக வேண்டும். தினமும் இதையே நான் எத்தனையோ பேருக்குச் சொல்கிறேன்; கேட்கிற பக்கம் உட்காரும்போதுதான் அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரிந்தது. “எழுந்து போக முடியாது டாக்டர், கூட்டம் இருக்கும்” என்றேன். அவர் மாத்திரைச் சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். “மாத்திரை நான் எழுதித் தருவேன். பாத்ரூம் போற நேரத்த உங்க அண்ணாச்சிதான் எழுதித் தரணும். போய்க் கேளுங்க.”

பஞ்சு கேட்ட கதை

கேட்க வேண்டும் என்று முடிவு செய்து ஒரு வாரம் போனது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெண் போன மறுநாளே நான் சேர்ந்தேன். நான் போனால் மறுநாளே இன்னொருத்தி சேருவாள் என்பது என் கணக்கு. “காலையிலே பதினைந்து நிமிஷம், மத்தியானம் அரை மணி நேரம்” என்று கேட்டால், இந்தப் பிள்ளைக்கு உட்கார்ந்து சம்பளம் வேண்டுமாம் என்று நினைத்துவிட்டால்? அப்பா, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி டீ குடிப்பார். அவர் மகள் இடைவேளை கேட்பதா? இப்படி எல்லாம் யோசித்து, கடைசியில் நான் சொல்ல வேண்டியதை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன்.

அண்ணாச்சி சாவகாசமாக இருந்த ஒரு சாயங்காலம், அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். “என்னம்மா?” என்றார். வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த முதல் சொல் வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “பஞ்சு தீந்துட்டு அண்ணாச்சி” என்றேன். அவர் எழுந்து, அலமாரியைத் திறந்து, புதுக் கட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பின்னால் செல்வி அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் என்னிடம் கேட்டார்: “பஞ்சு கேக்கதுக்கா இப்படி நடுங்குத?”

மெஷின் நின்ற காலை

எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுப்பு, கிட்னி, ஈரல் பரிசோதனைகளுக்கு எடுக்கிற ரத்தத்தை உடனே மெஷினில் வைக்க முடியாது. ட்யூபை அசைக்காமல் அரை மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். ரத்தம் தானாக உறைந்து அடியில் இறுகும். அதற்குப் பிறகு சுற்று மெஷினில் போட்டுச் சுற்றினால், மேலே தெளிந்த மஞ்சள் நீர் பிரியும். அதைத்தான் பெரிய மெஷின் தன் ஊசியால் உறிஞ்சிக் கணக்குச் சொல்லும். உறையாத ரத்தத்தைச் சுற்றினால் தெளிந்த நீருக்குப் பதில் கொழகொழவென்று நூல் நூலாக வரும்.

ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிய வாரம் அது. ஊர் முழுக்கக் கூட்டம், லேபிலும் கூட்டம். சிவகிரியிலிருந்து ஒரு குடும்பமே சேர்ந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தது. அவர்களிடம் சீக்கிரம் தருவதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்துவிட்டார். “சுத்திரலாமாம்மா?” என்றார். ட்யூப்களைச் சாய்த்துப் பார்த்தேன். ரத்தம் இன்னும் ஓடியது. “இன்னும் உறையல அண்ணாச்சி.” “அதெல்லாம் உள்ள போனா உறைஞ்சிரும்” என்று அவரே எடுத்து அடுக்கி, மூடியைச் சாத்தி, சுற்றவிட்டார். அடுத்து மெஷினில் வைத்தார். ஊசி இறங்கியது, உறிஞ்சியது, கீச்சென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. அப்படியே நின்றுவிட்டது. ஊசிக்குள் நூல் சிக்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் ரிப்போர்ட் மட்டுமா, அன்றைய காலை முழுதுமே நின்றது. சாயங்காலம் போனில் அனுப்புகிறோம் என்று கும்பிடாத குறையாகச் சொல்லி எல்லோரையும் அனுப்பினோம்.

மதுரையில் இருக்கிற சர்வீஸ் இன்ஜினியரை அண்ணாச்சி போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். அவர் சொல்லச் சொல்ல, ஊசியைக் கழற்றிக் கழுவி, மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை எடுத்தோம். வெளியே வந்ததைப் பார்த்தால் ஒரு சின்ன ஜவ்வு, அவ்வளவுதான். “மெஷின் பழசாயிட்டு போல, மாத்திருவமா சார்?” என்று அண்ணாச்சி கவலையோடு கேட்டார். போனில் இருந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு லேப் முழுக்கக் கேட்டது. “அண்ணாச்சி, மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. ரத்தத்துக்குத்தான் ரெஸ்ட் பத்தல.”

கேட்டேவிட்டேன்

மெஷின் ஓடத் தொடங்கியதும் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு பேனாவை எடுத்து, அடுத்த வரிசை ட்யூப்கள் இருந்த ஸ்டாண்டில் நேரத்தை எழுதி ஒட்டினார். “இனிமே யாரு தலகீழா நின்னாலும் அரை மணி நேரம் இதத் தொடக் கூடாது. ரத்தம் அது போக்குல உறையட்டும்” என்றார். அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது. ஆனால் மனப்பாடம் செய்த எதுவும் இப்போதும் வரவில்லை. தினமும் சொல்லிப் பழகிய பாஷைதான் வந்தது. “சீழ் அணு நிறைய இருக்கு அண்ணாச்சி” என்றேன். “எந்தப் பேஷன்ட்டுக்கு?” என்றார். “எனக்கு.”

செல்வி அக்காதான் மீதியைச் சொன்னார். பாத்ரூம் வாசலில் நிற்கிற வரிசை, திறக்காத டப்பா, டாக்டரம்மா சொன்னது, பஞ்சு தீராமலே பஞ்சு கேட்டது. எல்லாம் முடிந்ததும் நான், “ட்யூப் நிக்கிற அரை மணி நேரம் நானும் உக்காந்துக்கிடட்டுமா அண்ணாச்சி? ரத்தம் எடுக்கதுக்கு ஆள் வேணும்னா…” என்று இழுத்தேன். “நான் எடுக்கேன்” என்றார். “எனக்கு ஊசி பிடிக்க மறந்துட்டுன்னு நெனச்சியா?” செல்வி அக்காவுக்கு மத்தியானம் அரை மணி நேரம், அப்போது முன்மேஜையில் நான் என்றும் முடிவானது. அண்ணாச்சி வீடு மாடியில்தான். அந்த பாத்ரூம் இவ்வளவு நாளும் எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அவர் கொஞ்சம் கோபமாகத்தான் முடித்தார், யார் மேல் கோபம் என்று தெரியவில்லை: “ஒங்க மதினிகிட்ட சொல்லிருதேன், மாடிக்குப் போயிக்கிடுங்க. வாயத் தொறந்து கேக்கதுக்கு இத்தன நாளா? நானும் கண்ணத் தொறந்து பாக்கல, அது வேற.”

முதல் நாள்

முதல் நாள் இடைவேளையில் எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. மாடிக்குப் போய் வந்தேன். பின்பக்கம் சின்னச் சந்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இட்லி டப்பாவைத் திறந்தேன். காலை நேரத்து இட்லி மெத்தென்று இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் காது உள்ளேதான் இருந்தது. யாரோ இருமினால் எழுந்தேன். போன் அடித்தால் எழுந்தேன். அண்ணாச்சி யாரிடமோ “கைய மடக்குங்க” என்று சொன்னது கேட்டபோது, என் வேலையை அவர் செய்கிறார் என்று உறுத்தியது. பாதி இட்லியோடு மூடிவிட்டு, கையைக் கழுவி, ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய் நின்றேன். செல்வி அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோளைப் பிடித்து வந்த வழியே திருப்பிவிட்டார். “ஏட்டி, நீ இன்னும் உறையல. போயி உக்காரு.”

ஒரு போர்டு

புகார்கள் வராமல் இல்லை. “கவர்மென்ட் ஆபீஸ் ஆக்கிட்டியளா?” என்று ஒருவர் கேட்டார். ஊசி போட எப்போதும் வருகிற பிள்ளை எங்கே, அண்ணாச்சி குத்தினால் வலிக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். (அதை நான் ரகசியமாக ரசித்தேன்.) தினமும் பதில் சொல்லி அலுத்துப்போன அண்ணாச்சி, ஒரு அட்டையில் அவரே எழுதித் தொங்கவிட்டார்: ‘ரத்தம் உறையும் நேரம். இந்த அரை மணி நேரம் ரிப்போர்ட் கேட்டு அவசரப்படுத்த வேண்டாம்.’ அதைப் படித்த ஒரு பெரியவர், “எனக்கு இங்கன உக்காந்திருக்கும்போதே உறைஞ்சிராதுல்லா?” என்று பயந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

ஒரு நாள் தறியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா தலைச்சுற்றல் என்று வந்தார். ரத்தம் குறைவு. என் அம்மா வயதுதான் இருக்கும். பேச்சுக் கொடுத்தபோது, நான் இட்லி டப்பாவோடு பின்பக்கம் போவது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ட்யூப் நிற்கிற நேரம், நான் உட்காருகிற நேரம் எல்லாம். அவர் அந்த அட்டைக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். என்னிடம் திரும்பியபோது அவர் முகத்தில் விளையாட்டும் இருந்தது, அது மட்டுமே இருக்கவில்லை. “தாயி, எங்க தறி மொதலாளிக்கும் இதே மாதிரி ஒரு போர்டு எழுதித் தருவாகளா ஒங்க அண்ணாச்சி?” அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். அடுத்த வாரம், மத்தியானம் அரை மணி நேரம் தறியை நிறுத்தக் கேட்கலாமா என்று உடன் வேலை செய்கிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

மூன்று பேர் பார்த்த சிலைடு

மாத்திரைகள் முடிந்து, சில நாள் கழித்து மறுபடியும் மாதிரி பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இந்தத் தடவை டப்பாவில் அப்பா பேரையும் சேர்த்து எழுதினேன். சிலைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. மறுபடியும் இருந்தால் இந்த அரை மணி நேரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆகிவிடும். லீவு போட்டுப் படுக்க வேண்டி வரும். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். பழைய பயம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பார்த்தேன். நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எனக்கு வேண்டியதைத்தான் என் கண் பார்க்கிறதோ என்ற சந்தேகம். செல்வி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

அவர் நிமிரவே இல்லை. ஓரம் ஓரமாகத் தேடினார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முன்மேஜையில் ஆள் இல்லை. பெஞ்சில் காத்திருந்த ஒருவர் எட்டி எட்டிப் பார்த்துப் பொறுமை இழந்து, “அண்ணாச்சி, மூணு பேருமா சேந்து உள்ள என்ன பாக்கீய, சினிமாவா ஓடுது?” என்று குரல் கொடுத்தார். அண்ணாச்சி கண்ணை எடுக்காமலே, இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டிராத சந்தோஷத்தோடு பதில் சொன்னார்: “ஒண்ணுமே இல்ல வே! அந்த ஒண்ணுமே இல்லாததத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்!”

பட்டம் வாங்க எனக்கு மூன்று வருஷம் போதுமானதாக இருந்தது. அரை மணி நேரம் சும்மா உட்காருவதற்குத்தான் இன்னும் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.